மருந்து விற்கிறவன் பேயிடம் கேட்கும் மூன்று கேள்விகள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு, வேலையெல்லாம் ஒதுங்கின பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

நான் ஜப்பான்காரர்களின் பொம்மைத் தொடர் பார்க்கிறேன் என்று பேத்தி குடும்பக் குழுவில் போட்டுக்கொடுத்ததிலிருந்து ஆளாளுக்குக் கேலி. "பெரியம்மா, வயசான காலத்துல சுந்தரகாண்டம் படிக்காம பேய்க் கார்ட்டூனா?" என்று ஒருத்தன். மதினி ஒருபடி மேலே போய், பிள்ளையைக் கெடுக்காதே என்று போனிலேயே கண்டித்துவிட்டாள். கேலிக்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தொடர் ஏன் என்னை நாலு ராத்திரி தூங்கவிடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான்.

தொடரின் பெயர் 'மோனோனோகே'. மியாசாகி 1997-இல் எடுத்த 'இளவரசி மோனோனோகே' வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இது 2007-இல் தோயே அனிமேஷன் நிறுவனம் தயாரித்தது, இயக்குநர் கென்ஜி நகமுரா. மொத்தமே 12 பகுதி, அதற்குள் ஐந்து கதைகள். ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் ஒருவன். அவனுக்குப் பெயர் கிடையாது. முதுகில் ஒரு மரப்பெட்டி. அவன் போகிற இடத்தில் ஏதோ ஒன்று மனிதர்களைக் கொல்லும். நீ யார் என்று கேட்டால், சாதாரண மருந்து வியாபாரி என்பான். அவ்வளவுதான்.

பேய்ப்படம் என்றால் நமக்கு இருட்டு. டார்ச் லைட் அணையும், கரண்ட் போகும், நாய் ஊளையிடும். இந்தத் தொடரில் இருட்டே குறைவு. திருவிழாக் கடையில் பட்டுச் சேலைகளைப் பிரித்துப் போட்ட மாதிரி நிறம்: மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு. சுவர் முழுக்கப் பூவேலை, கதவெல்லாம் சித்திரம். படம் முழுவதன் மேலும் ஜப்பானியக் கைக்காகிதத்தின் நார் தெரிகிறது. பழைய உகியோ-ஏ அச்சுப்படங்கள் அசையத் தொடங்கினால் எப்படியிருக்கும், அப்படி. பயம் வருவது இங்கேதான். இருட்டில் பயப்படுகிறவனுக்கு ஒரு ஆறுதல் உண்டு: விளக்கைப் போட்டால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்போது எதைப் போடுவீர்கள்?

இன்னொன்றும் உண்டு. அந்தச் சித்திரங்களில் தூரம், கிட்ட என்ற கணக்கு சரியாக இருக்காது. நம் கண் பழகிய ஆழம் இல்லாமல் எல்லாம் தட்டையாகக் கிடக்கும். சுவரில் இருக்கும் பெண் சித்திரமா, ஆளா என்று ஒரு நொடி சந்தேகம் வரும். அவ்வளவு பூவேலைக்கு நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும். ஏதோ ஒரு மூலையில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றைத் தவறவிட்டுவிட்டோம் என்ற எண்ணம் கடைசிவரை போகாது. அதோடு பல இடங்களில் காட்சி மாறும்போது திரை மங்காது. இழுப்புக் கதவு ஒன்று 'டப்' என்று மூடும், இன்னொன்று திறக்கும். பார்க்கிற நாமும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறோம், கதவு நம் கையில் இல்லை என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக்காரனின் பெட்டியில் சின்னச் சின்னத் தராசுகள் இருக்கின்றன. பட்டாம்பூச்சி வந்து உட்காருவது போல அவன் விரல் நுனியில் நிற்கும். அவை எடை பார்ப்பதில்லை, தூரம் பார்க்கின்றன. பேய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து, அதில் கட்டிய சிறு மணி 'சிலிங்' என்கும். ஒரு அறை முழுக்கத் தராசுகளை வரிசையாக நிறுத்திவிட்டு எல்லோரும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வாசல் பக்கம் ஒன்று சாயும். பிறகு அடுத்தது. பேயைக் காட்டவே இல்லை. மணிச் சத்தம் மட்டும் அறைக்குள் நடந்து வருகிறது. நான் போர்வையை இழுத்துக்கொண்டது அப்போதுதான்.

இது ஜப்பானில் புதிதல்ல. எதோ காலத்தில் நூறு கதை என்று ஒரு விளையாட்டு உண்டு. ராத்திரி கூடி உட்கார்ந்து நூறு விளக்கு ஏற்றி, ஒரு பேய்க்கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைப்பார்கள். நூறாவது அணைந்தால் உண்மையாகவே ஒன்று வந்துவிடும் என்று நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள், அந்த விளையாட்டில் பயம் எந்தக் கதையிலும் இல்லை. இன்னும் எத்தனை விளக்கு மிச்சம் என்ற கணக்கில் இருக்கிறது. மேலே சொன்ன தராசுக் காட்சியும் அதே கணக்குதான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன். 2013-இல் தொடங்கிய 'யாமிஷிபாய்'. மஞ்சள் முகமூடி போட்ட ஒரு கிழவர் பிள்ளைகளுக்குப் படச்சட்டம் காட்டிக் கதை சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்கூட வராத துணுக்குக் கதைகள். காகிதத்தில் வெட்டிய முகங்கள், உதடு அசையாது. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பல கதைகளில் கடைசி நொடியில் பேயின் மூஞ்சியை முழுத்திரைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். நாலு நிமிடம் பொறுமையாகச் சேர்த்ததை ஒரே நொடியில் செலவழிக்கிற ஊதாரித்தனம் அது.

என் பழைய மாணவன் ஒருவன் குறும்படம் எடுக்கப் போகிறானாம், பேய்க்கதை. "டீச்சர், பிழை திருத்தித் தாங்க" என்று கதையை அனுப்பியிருந்தான். 22 பக்கம். சந்திப்பிழைகளை விட்டுவிட்டு 'திடீரென்று' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன், 17 இடம். திடீரென்று கதவு, திடீரென்று கை, திடீரென்று வெள்ளைச் சேலை. அவனுக்குப் போன் செய்து சொன்னேன்: "தம்பி, திடீரென்று என்பது பயம் இல்லைப்பா, திடுக்கிடல். பின்னாலிருந்து பலூன் வெடித்தாலும் அது வரும்." பிறகு கேட்டேன்: "சரி, அந்தப் பொண்ணு ஏன் பேயானா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அது... பேய் டீச்சர்" என்றான்.

அவனுக்காகவே இந்தத் தொடரின் முக்கியமான விதியை எழுதுகிறேன்.

மருந்துக்காரனிடம் பேயை வெட்ட ஒரு வாள் இருக்கிறது. ஆனால் அவன் நினைத்தபோது உருவ முடியாது. மூன்று தெரிந்தால்தான் வாள் உறையைவிட்டு வரும். முதலாவது வடிவம்: இது எந்த வகைப் பேய். இரண்டாவது உண்மை: இங்கே என்ன நடந்தது. மூன்றாவது காரணம்: இதன் மனசில் கிடப்பது என்ன, எதனால் இப்படி ஆனது. முதலாவது சீக்கிரம் தெரிந்துவிடும், அவன் பேய்களைப் படித்தவன். மற்ற இரண்டையும் அங்கே இருக்கிற மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களோ வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே பேய் கதவைப் பிறாண்டுகிறது. உள்ளே இருக்கிறவர்கள் உயிர் போகும் நிலையிலும் பொய் சொல்கிறார்கள். பேய் உள்ளே வருவதைவிட, இவர்கள் வாய் திறந்தால் என்ன வெளியே வரும் என்பதுதான் பார்க்கிறவனை உட்கார்ந்த இடத்தில் கட்டிப்போடுகிறது.

'மோனோனோகே' என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. இயற்கையில் திரியும் ஆவியோடு மனிதனின் தீராத வருத்தமோ வஞ்சமோ ஒட்டிக்கொண்டால்தான் அது உருவாகும் என்பது தொடரின் கணக்கு. 11-ஆம் நூற்றாண்டின் 'கெஞ்சி கதை'யிலேயே ரொக்குஜோ என்ற சீமாட்டியின் பொறாமை, அவள் உயிரோடு இருக்கும்போதே ஆவியாகப் போய் இன்னொருத்தியைப் பிடிக்கும். அவமானப்பட்டதை வெளியே சொல்ல முடியாத ஒரு பெண்ணின் மனசு அது. அங்கிருந்து வருகிற சரடு இது.

முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸாஷிகி வாராஷி' என்பது ஜப்பானின் வடகிழக்கில் வீட்டுக்குள் வாழ்வதாக நம்பும் குழந்தை ஆவி. யனகிதா குனியோ 1910-இல் வெளியிட்ட 'தோனோ கதைகள்' தொகுப்பிலும் இது வருகிறது. அது இருக்கிறவரை வீட்டில் செல்வம். போய்விட்டால் வீடு நொடித்துவிடும். பஞ்ச காலத்தில் வளர்க்க வழியில்லாமல் கொன்ற சிசுக்களின் நினைவே இந்த நம்பிக்கை என்று சொல்கிறவர்களும் உண்டு. தொடரில், கொட்டும் மழையில் ஒரு கர்ப்பிணிப் பெண் சத்திரத்துக்கு வந்து கெஞ்சுகிறாள். இடமில்லை என்ற கிழவி, கடைசியில் யாருக்கும் கொடுக்காத மேல்மாடி அறையைத் திறந்துவிடுகிறாள். அழகான அறை. ராத்திரி குழந்தைகள் சிரிக்கும் சத்தம். அந்தச் சத்திரம் முன்பு என்னவாக இருந்தது, அந்த அறையில் என்ன செய்தார்கள் என்று தெரியவரும்போது, நம்மைப் பயமுறுத்திய அதே சிரிப்பு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பிக்கும். பிறக்க விடாமல் செய்யப்பட்ட பிள்ளைகள் அவை. பிறக்க வேண்டும் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு ஆசை இல்லை. முடிவைச் சொல்ல மாட்டேன். நான் அழுதேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது கதை கடலில். வழி தவறிய கப்பலில், வீணை மாதிரி ஒரு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு மீன்முகம் கொண்ட ஒன்று வந்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கும்: உனக்கு எது பயம்? மழுப்பினாலும் விடாது, அவரவர் பயத்தை அவரவருக்கே காட்டிவிடும். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இங்கே ஒன்று ஞாபகம் வர வேண்டும். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்லி, அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்றார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. மனப்பாடம் செய்து ஒப்பித்தீர்களே! நாலாவது ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்று ஒருத்தி வகுப்பில் கேட்டாள். பேயும் புலியும் திருடனும் சரி, தலைமேல் இருக்கிறவனுக்கு எதற்குப் பயம் என்று. நல்ல கேள்வி. இந்தத் தொடரின் ஐந்து கதையிலும் வாசலில் நிற்பது முதலாவது, அணங்கு. ஆனால் அதை உண்டாக்கியது அநேகமாக நாலாவதுதான். சத்திரத்துக் கிழவி, மகளைப் பெரிய இடத்தில் தள்ளிவிட்ட தாய், பத்திரிகை அலுவலகத்தில் மேலே இருக்கிறவன். இதற்கு முன்னோடியாக 2006-இல் 'அயகாஷி' என்ற தொடரில் நகமுரா இயக்கிய பூனைப்பேய்க் கதையிலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் மணப்பெண் செத்து விழுவாள். தோண்டிக்கொண்டே போனால் அந்த வீட்டுப் பெரியவர் என்றோ ஒருத்தியைக் கடத்திவந்து அடைத்துவைத்த கதை வெளியே வரும்.

மூன்றாவது, 'நொப்பெராபோ'. முகமில்லாத பேய். லாஃப்காடியோ ஹெர்ன் 1904-இல் 'க்வைதான்' நூலில் எழுதிய முகமில்லாத ஆவிகளின் கதையைச் சிலர் படித்திருப்பீர்கள். அங்கே திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை, அவ்வளவுதான் அதிர்ச்சி. நகமுரா அதை எங்கே கொண்டுபோகிறார் பாருங்கள். புருஷன் வீட்டார் எல்லோரையும் கொன்றதாகச் சிறையில் இருக்கிறாள் ஓச்சோ. மருந்துக்காரன் கேட்டுக்கேட்டுத் துருவும்போது, உண்மையில் அங்கே கொல்லப்பட்டது யார் என்று தெரியவருகிறது. அம்மா ஆசைப்பட்ட சம்பந்தத்துக்காகத் தன்னைத்தானே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றவள் அவள். அவளுடைய சிறை, புருஷன் வீட்டு அடுப்படி. ஒரு சின்ன ஜன்னல், அதில் கொஞ்சம் வானம். கூடத்திலிருந்து அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று குரல் வந்துகொண்டே இருக்கும். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. என் வயசுப் பெண்கள் யாரும் அந்த அடுப்படியை ஜப்பான் என்று நினைக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம், உறவுக்காரர்களுக்கு. நம் பழைய வளவில் பின்கட்டுக் கிணறு ஒன்று இருந்தது. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே, பிடித்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பிடித்துக்கொள்வது யார் என்று சொல்லமாட்டார்கள். அது எங்கள் சின்னச் சித்தி என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். பத்தொன்பது வயசு. அவள் படம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது, திவசமும் கிடையாது. பேயாக மட்டும் அறுபது வருஷம் வைத்திருந்தோம். அந்தக் கிணற்றில் வடிவம் இருந்தது. உண்மையும் காரணமும் இல்லை. மூன்று கேள்விகளில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் அவள் பேயாகவே இருப்பாள், வேறென்ன செய்வாள்? இதை நான் சொன்னதற்காக யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

நாலாவது கதையான 'நுவே' வாசனைக் கட்டையைப் பற்றியது. முக்கால்வாசி சாம்பல் நிறத்தில் ஓடும். தூபத்தை முகரும்போது மட்டும் நிறம் பூக்கும். வாசனையை எப்படிப் படம் பிடிப்பது என்று கேட்டால் இதைக் காட்டலாம். நாராவில் தோதாய்ஜி கோயிலோடு சேர்ந்த ஷோசோயின் கருவூலத்தில் 'ரஞ்சதாய்' என்ற அகில் கட்டை இன்றும் இருக்கிறது. 1574-இல் ஓதா நொபுநாகா அதில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். அந்தப் பெயரை எழுதும் மூன்று எழுத்துகளுக்குள் 'தோதாய்ஜி' என்ற கோயிலின் மூன்று எழுத்துகளும் ஒளிந்திருக்கும். இப்படி எழுத்துக்குள் எழுத்தை ஒளிக்கிற வேலையெல்லாம் பார்த்தால் தமிழ் வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா? கதையும் அதே மாதிரி ஒன்றுக்குள் ஒன்று.

எல்லாமே ஒசத்தி என்று சொல்லவில்லை. கடல் கதை நடுவில் இழுக்கிறது. வாள் உருவியதும் மருந்துக்காரன் பொன்னிறமாக உருமாறிச் சுழன்று சுழன்று வெட்டுகிற இடம் எனக்கு ஒட்டவே இல்லை. அதுவரை கட்டிய பயம் அந்த வாணவேடிக்கையில் கலைந்துபோகிறது. பேத்திக்கு அந்த இடம்தான் பிடிக்கும். வயசு.

கடைசிக் கதை 1920-களின் சுரங்க ரயிலில். ஜப்பானின் முதல் சுரங்க ரயில் ஓடியது 1927-இல், அந்தக் காலக்கட்டம். ஒரு பெட்டிக்குள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைத் தவிர மற்ற பயணிகள் எல்லோரையும் துணிக்கடை பொம்மைகளாக வரைந்திருக்கிறார்கள். செலவு மிச்சம் பிடிக்கிற வழி என்றுகூட ஒருத்தர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் பத்திரிகையாளர் செத்துப்போனதில் இந்தச் சிலருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு. ஒருத்தர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார், ஒருத்தி பெயர் வரும் என்ற ஆசையில் பொய் சொன்னாள். இவர்களில் பெரும்பாலோர் கொலைகாரர் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. கொலைகாரன் என்றால் நாம் இல்லை என்று சொல்லிவிடலாம். பார்த்தும் பேசாமல் இருந்தவன் என்றால் அப்படிச் சொல்ல முடிகிறதா?

மதினிக்கு: நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், முதல் கதையே அவர்களுக்குக் கனம். பேத்திக்குப் பதினேழு ஆகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தோம். பார்த்து முடித்து, "ஆச்சி, அந்தக் கிழவிக்கு முதல்லயே தெரியும்தானே?" என்று கேட்டாள். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அது கெட்டுப்போவது என்றால் கெட்டுப்போகட்டும்.

பார்க்க நினைக்கிறவர்கள் முதல் இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள், ஒரே கதை. காதில் மாட்டுகிற கருவி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், மணிச் சத்தத்துக்காக. பிடித்தால் நேராக முகமில்லாதவள் கதைக்குப் போங்கள், கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறும்படத் தம்பி, நீ முழுசும் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணு ஏன் பேயானாள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. அதில் 'திடீரென்று' வரக் கூடாது.

சித்தியைப் பற்றி ஏதாவது தெரிந்த பெரியவர்கள், அவள் என்ன படித்தாள், யாரோடு பழகினாள், எதுவானாலும் சரி, இங்கே எழுத வேண்டாம். என்னைப் போனில் கூப்பிடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குமேல் சும்மாதான் இருப்பேன்.